வைஃபைக்கு ஒரு பெயரா, இரண்டா, கருவிகளுக்குத் தனியாக இன்னொன்றா?

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பினாங்குத் தீவின் குளுகோரில் இரட்டை மாடி வரிசை வீட்டில் இருக்கும் அத்தை, "தம்பி, ரவுட்டர் மாட்டிட்டுப் போனவங்க வைஃபைக்கு ரெண்டு பெயர் வெச்சிட்டுப் போயிட்டாங்க. ஒண்ணு பின்னாடி 5ன்னு இருக்கு. எதைப் பிடிக்கிறதுன்னு தெரியல, மேல் மாடியில படம் சுத்திக்கிட்டே இருக்கு" என்றார். ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் வசிக்கும் நண்பருக்கு இரவு எட்டு மணிக்கு மேல் வேகம் விழுந்துவிடுகிறது. சுங்கை டுவாவில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அறை வாடகைக்கு விடும் அக்காவுக்கு வேறு கவலை. தன் கேமராவும் பிரிண்டரும் இருக்கும் அதே வைஃபையில் வாடகைக்கு இருப்பவர்களையும் சேர்ப்பது சரியா என்று கேட்டார்.

மூவருக்கும் மூன்று விதமாகப் பதில் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருப்பவர்கள் தங்கள் வீட்டை இந்த மூன்றோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.

## முதலில் அந்த இரண்டு எண்கள்

இன்றைய ரவுட்டர்கள் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் பேசுகின்றன: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். 2.4 தூரம் போகும், செங்கல் சுவரையும் ஓரளவு கடக்கும். ஆனால் நெரிசல் மிகுந்தது. அதில் 1 முதல் 13 வரை சேனல்கள் இருந்தாலும், ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. வைஃபைக்குக் குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். அதனால் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் நிற்க வழக்கமாகத் தேர்ந்தெடுப்பவை 1, 6, 11 என்ற மூன்று. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே இடத்தில்தான் இயங்குகின்றன.

5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், வேகம் அதிகம். ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். எங்கள் வீட்டில் 500 மெகாபிட் இணைப்பு. ரவுட்டர் இருக்கும் கூடத்தில் என் கைப்பேசி 5-இல் நானூறைத் தாண்டுகிறது. அதே நாற்காலியில் உட்கார்ந்தபடி 2.4-க்கு மாறினால் அறுபதைத் தொடுவதே அபூர்வம். சமையலறைக்குப் போனால் கதை தலைகீழ். அங்கே 5 விட்டுவிட்டு வரும், 2.4 நிலையாக நிற்கும்.

ஆக, நமக்கு இரண்டுமே வேண்டும். அவற்றை வீட்டாருக்கு எப்படிக் காட்டுவது என்பதில்தான் முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

வீட்டின் நீளம் முதலாவது. நம் ஊர் வரிசை வீடுகள் அகலம் குறைந்தவை, நீளம் கூடியவை. ஃபைபர் கேபிள் வாசல் பக்கமாக உள்ளே வருவதால் ரவுட்டரும் முன் கூடத்திலேயே நின்றுவிடுகிறது. சமையலறை கடைசியில் இருக்கிறது. அடுக்குமாடியில் தூரம் பிரச்சினையில்லை, மேலும் கீழும் பக்கத்திலும் உள்ள வீடுகளின் வைஃபைதான் பிரச்சினை.

இரண்டாவது, வீட்டில் 2.4 மட்டுமே பிடிக்கும் கருவிகள் எத்தனை. ஸ்மார்ட் பிளக், பல்ப், மலிவான கேமரா, தரையைக் கூட்டும் ரோபோ, பழைய பிரிண்டர் ஆகியவற்றில் பெரும்பாலானவை அப்படித்தான்.

மூன்றாவது, வீட்டில் யார் இருக்கிறார்கள். அமைப்புகளுக்குள் போய்ப் பெயரை மாற்றிப் பிடிக்கத் தெரியாத பெரியவர் ஒருவர் இருந்தாலும் அவரை வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வீட்டு வைஃபை எல்லாருக்கும் உரியது.

நான்காவது, வெளியார் எத்தனை பேர் வந்து மறைச்சொல் கேட்கிறார்கள். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு, தைப்பூசத்துக்கு வந்து தங்கும் உறவினர், வாடகைக்கு இருப்பவர்கள் எல்லாரையும் இதில் சேருங்கள்.

ஐந்தாவது, பிறகு ஆகும் வேலை. இன்று அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். ஆனால் அடுத்த முறை ரவுட்டர் மாறும்போது எத்தனை கருவிகளைத் திரும்ப இணைக்க வேண்டியிருக்கும்?

## வழி 1: இரண்டுக்கும் ஒரே பெயர்

ரவுட்டரில் ஸ்மார்ட் கனெக்ட் என்றோ பேண்ட் ஸ்டீயரிங் என்றோ ஒரு பொத்தான் இருக்கும். அதை இயக்கினால் 2.4, 5 இரண்டும் ஒரே பெயர், ஒரே மறைச்சொல்லோடு தெரியும். கைப்பேசி கூடத்தில் 5-ஐப் பிடிக்கும், சமையலறைக்கு நடந்தால் 2.4-க்கு இறங்கும், திரும்பி வந்தால் மீண்டும் ஏறும். யாரும் எதையும் தொட வேண்டியதில்லை. ஆப்பிள் நிறுவனமும் தன் பயனர்களுக்கு இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைக்கும்படியே அறிவுறுத்துகிறது.

இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. எந்த அலைவரிசைக்குப் போவது என்று கடைசியில் முடிவு செய்வது உங்கள் கைப்பேசிதான். ரவுட்டர் செய்யக்கூடியது தூண்டுவது மட்டுமே. 2.4-இல் வரும் அழைப்புக்குத் தாமதமாகப் பதில் சொல்லும், அல்லது ஒருமுறை வெட்டிவிட்டு 5-க்கு வரட்டும் என்று காத்திருக்கும். நல்ல ரவுட்டர் இதை நாம் உணராதபடி செய்யும். இணைய நிறுவனம் இலவசமாகத் தரும் சில ரவுட்டர்களில் இதே வேலை முரட்டுத்தனமாக நடக்கும். வீடியோ அழைப்பின் நடுவே இரண்டு மூன்று வினாடி உறைந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறைந்திருக்கும் செலவு ஸ்மார்ட் பிளக்கை முதன்முதலில் இணைக்கும்போது தெரியும். உங்கள் கைப்பேசி 5-இல் இருக்கும், பிளக்குக்கு 2.4 மட்டுமே தெரியும். சில செயலிகள் "5 கிகாஹெர்ட்ஸ் ஏற்கப்படாது" என்று நின்றுவிடும். அப்போது ரவுட்டரில் 5-ஐப் பத்து நிமிடம் அணைத்துவிட்டு இணையுங்கள், பிறகு மீண்டும் இயக்கலாம். ஒருமுறை சேர்ந்துவிட்டால் பிளக்கின் பக்கமிருந்து தொல்லை குறைவு.

கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி மட்டுமே உள்ள வீட்டுக்கு இதுவே சிறந்த வழி. பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கும் இதுதான். பின்னால் மெஷ் (பல கருவிகளை வைத்து வீடு முழுவதும் வைஃபையைப் பரப்பும் ஏற்பாடு) போடும் எண்ணம் இருந்தாலும் இதிலேயே தொடங்குங்கள். மெஷ் கருவிகள் பெரும்பாலும் ஒரே பெயரில் இயங்கும்படியே அமைக்கப்படுகின்றன.

## வழி 2: இரண்டு பெயர்கள்

2.4-க்கு ஒரு பெயர், 5-க்கு இன்னொரு பெயர். எது எதில் இருக்கிறது என்பது உங்கள் கையில் இருக்கும். ரைஃபிள் ரேஞ்ச் நண்பருக்கு நான் இதைத்தான் சொன்னேன். அவர் வீடு சிறியது, எந்த மூலையிலும் 5 நன்றாகக் கிடைக்கும். ஆனால் 2.4-இல் அவர் கைப்பேசி காட்டிய பட்டியலை நான் உருட்டிக்கொண்டே போனேன், முடியவில்லை. மாலையில் எல்லா வீடுகளிலும் தொலைக்காட்சி ஓடும்போது அந்த மூன்று சேனலுக்குள் அத்தனை பேரும் மோதுகிறார்கள். அவருடைய ரவுட்டரின் ஒரே பெயர் முறை, கைப்பேசியை அடிக்கடி அந்த நெரிசலுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டாகப் பிரித்தோம். கைப்பேசிகளிலும் தொலைக்காட்சியிலும் 2.4-ஐ மறக்கச் செய்து 5-ஐ மட்டும் வைத்தோம். அன்று இரவே வித்தியாசம் தெரிந்தது.

அதே ஏற்பாட்டை அத்தை வீட்டில் பார்த்தபோது அது தொல்லையாக இருந்தது. கூடத்தில் 5-ஐப் பிடித்த கைப்பேசி, மேல் மாடியில் கடைசி அறைக்குப் போனதும் அதை விட மனமின்றித் தொங்கிக்கொண்டிருக்கும். முற்றிலும் அறுந்த பிறகுதான் 2.4-க்குப் போகும். கீழே வந்தாலும் 2.4-லேயே உட்கார்ந்துவிடும். பெயர்கள் வேறு என்றால் பெரும்பாலான கைப்பேசிகள் அவற்றை இரண்டு வீடுகளாகவே எண்ணுகின்றன. இருக்கும் வீட்டில் கூரை ஒழுகாதவரை அவை குடிபெயர்வதில்லை.

பிரித்து வைப்பதில் பாதுகாப்பு சார்ந்த ஓர் ஆதாயம் உண்டு. 5-க்கு 2018-இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 குறியாக்கத்தையும், பழைய கருவிகளுக்காக 2.4-க்கு டபிள்யூபிஏ2-ஐயும் வைக்கலாம். ஆனால் இரண்டுக்கும் ஒரே மறைச்சொல் வைத்தால் அந்த ஆதாயம் பறிபோகும். டபிள்யூபிஏ2 இணைப்பு நிகழும் கணத்தைப் பதிவு செய்துகொண்டு, பிறகு வேறிடத்தில் உட்கார்ந்து கோடிக்கணக்கான மறைச்சொற்களை முயன்று பார்க்க முடியும். டபிள்யூபிஏ3 அதைத் தடுப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது. 2.4 வழியாகத் தெரிந்துகொண்ட மறைச்சொல்லால் 5-ஐயும் திறக்க முடிந்தால் உயர்ந்த பூட்டுப் போட்டு என்ன பயன்? ஆகவே பிரித்தால் மறைச்சொல்லையும் பிரியுங்கள். அதாவது நினைவில் வைக்க வேண்டியவை இரண்டாகின்றன. இதுதான் இந்த வழியின் மறைந்திருக்கும் செலவு.

பிரிக்கும்போது ஒரு தந்திரம் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். ஏற்கெனவே இருந்த பெயரையும் மறைச்சொல்லையும் 2.4-க்கே கொடுங்கள், புதிய பெயரை 5-க்கு வையுங்கள். பிளக்கும் கேமராவும் எதுவும் நடக்காததுபோல் பழைய பெயரிலேயே தொடரும். கைப்பேசிகளை மட்டும் புதிய பெயருக்கு மாற்றினால் போதும். என் வீட்டில் முதன்முறை இதை யோசிக்காமல் இரண்டுக்கும் புதுப்பெயர் வைத்துவிட்டு, ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு கேமராவாக இறக்கி மீண்டும் இணைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதிலேயே போனது.

## வழி 3: ஆட்களுக்கு ஒரு பெயர், கருவிகளுக்கும் விருந்தினருக்கும் தனி வலை

பெரும்பாலான ரவுட்டர்களில் விருந்தினர் வலை என்ற வசதி உண்டு. புதியவற்றில் கருவிகளுக்கென்றே இன்னொரு வலையும் இருக்கிறது. முதன்மை வலையை ஒரே பெயரில் வைத்துவிட்டு, இந்தத் தனி வலையை 2.4-இல் மட்டும் இயக்குவதுதான் இந்த வழி. இதில் சேர்பவர்களுக்கு இணையம் கிடைக்கும், உங்கள் கணினியோ பிரிண்டரோ கண்ணில் படாது.

சுங்கை டுவா அக்காவுக்கு இதுதான் சரி. மாணவர் ஒருவரின் மடிக்கணினியில் வைரஸ் இருந்தாலும் அது அக்காவின் கணினியைத் தட்டிப் பார்க்க முடியாது. திறந்த இல்ல உபசரிப்பு நடத்தும் எல்லா வீட்டுக்கும் இது நல்லது. வந்தவர்களுக்குச் சொன்ன மறைச்சொல்லை மறுநாள் மாற்றலாம், முதன்மை வலையில் இருக்கும் வீட்டாரின் கைப்பேசியும் கணினியும் அறுந்துபோகாது. முதன்மை மறைச்சொல்லை விருந்தினருக்குக் கொடுத்துப் பழகிவிட்டால் அது தாமான் (குடியிருப்பு) முழுவதும் பரவிவிடும். அதை மாற்றினால் வீட்டுக் கருவிகள் அத்தனையையும் மீண்டும் இணைக்க வேண்டும் என்ற தயக்கத்தில் யாரும் மாற்றுவதில்லை.

ஸ்மார்ட் பிளக்கையும் கேமராவையும் தனி வலையில் அடைப்பதை நான் வலியுறுத்திச் சொல்வேன். இவற்றில் பல, வாங்கிய பிறகு ஒருமுறைகூட மென்பொருள் புதுப்பிப்பைக் காணாதவை. உங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கும் மடிக்கணினி இருக்கும் கூடத்திலேயே அவற்றை உட்கார வைக்க வேண்டிய அவசியம் என்ன?

மறைந்திருக்கும் செலவுகள் இங்கே மூன்று. ஒன்று, தனி வலையில் இருக்கும் பிரிண்டருக்கு முதன்மை வலையிலிருந்து அச்சிட அனுப்ப முடியாது. கைப்பேசியிலிருந்து தொலைக்காட்சிக்குப் படம் அனுப்புவதும் அப்படியே. எனவே பிரிண்டரும் தொலைக்காட்சியும் முதன்மை வலையிலேயே இருக்கட்டும். இரண்டு, சில ரவுட்டர்களில் விருந்தினர் வலை மறைச்சொல் இல்லாமல் திறந்தே தொடங்கும். இயக்கியவுடன் மறைச்சொல் வைக்கத் தவறாதீர்கள். "விருந்தினர் உள் வலையை அணுக அனுமதி" என்ற வரி தேர்வு செய்யப்பட்டிருந்தால் அதையும் நீக்குங்கள், இல்லையேல் பிரித்ததற்கே பொருளில்லை. மூன்று, ஒவ்வொரு பெயரும் "நான் இங்கே இருக்கிறேன்" என்று வினாடிக்கு ஏறத்தாழ பத்து முறை அறிவித்துக்கொண்டிருக்கும். ஒன்றிரண்டு பெயர்களுக்கு இது பொருட்டல்ல. நெரிசலான அடுக்குமாடியில் ஒவ்வொரு வீடும் ஐந்து பெயர் வைத்தால் காற்றே அறிவிப்பால் நிறைந்துவிடும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஒரே பெயர் | இரண்டு பெயர்கள் | ஒரு பெயரும் தனி வலையும் |
|---|---|---|---|
| நீளமான வரிசை வீடு | மிகப் பொருத்தம் | தொல்லை | மிகப் பொருத்தம் |
| நெரிசலான அடுக்குமாடி | ரவுட்டரைப் பொறுத்தது | மிகப் பொருத்தம் | பொருந்தும் |
| ஸ்மார்ட் கருவிகளை இணைப்பது | முதல் முறை சிரமம் | எளிது | எளிது |
| பெரியவர்களுக்கு | எளிது | குழப்பம் | எளிது |
| விருந்தினர், வாடகைக்கு இருப்பவர் | பாதுகாப்பு இல்லை | பாதுகாப்பு இல்லை | பாதுகாப்பு உண்டு |
| நினைவில் வைக்க வேண்டிய மறைச்சொல் | 1 | 2 | 2 |

## எதைத் தேர்ந்தாலும் செய்ய வேண்டியவை

ரவுட்டரின் அமைப்புகளுக்குள் நுழைய உலாவியில் இட வேண்டிய முகவரி பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். மாற்றத் தொடங்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ஊசியால் குத்தும் ரீசெட் பொத்தானை மட்டும் தொடாதீர்கள். இணைய நிறுவனம் கொடுத்த பயனர் பெயரும் மறைச்சொல்லும் ரவுட்டருக்குள் பதிந்திருந்தால் அவையும் அழிந்துபோகும், வைஃபை தெரியும், இணையம் இருக்காது. என் உறவினர் ஒருவர் வீட்டில் இப்படித்தான் நடந்தது. அந்த விவரத்தைத் திரும்பப் பெறத் தொலைபேசியில் காத்திருந்தே ஒரு பகல் கழிந்தது.

2.4-இல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், சேனல் 1, 6, 11-இல் காலியானது. 40 வைத்தால் வேகம் கூடும் என்று ஆசை வரும். அடுக்குமாடியில் அது ஏறக்குறைய பாதி இடத்தை நீங்களே அடைத்துக்கொள்வதாகும், மோதல்தான் கூடும். 5-இல் 80 போதும். 160 வைத்தால் 52 முதல் 64 வரையுள்ள சேனல்களையும் ரவுட்டர் சேர்த்துக்கொள்ளும். அவை ரேடாருடன் பகிரப்படுபவை. அவற்றில் ஒலிபரப்பும் முன் ரவுட்டர் ஒரு நிமிடம் கேட்டுப் பார்க்க வேண்டும், ரேடார் சமிக்ஞை வந்தால் உடனே விலக வேண்டும். விமான நிலையத்தை ஒட்டி பாயான் லெப்பாஸில் வீடு இருந்து, 5 மட்டும் திடீரென்று மறைந்து மறைந்து வந்தால், சேனலை 36 முதல் 48 வரைக்குள் நிறுத்திப் பாருங்கள்.

குறியாக்கம் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலப்பு முறை. ஏதாவது பழைய கருவி சேர மறுத்தால் அந்த வலையை மட்டும் டபிள்யூபிஏ2-க்கு இறக்குங்கள். மறைச்சொல் இல்லாமல் பொத்தானாலோ எண்ணாலோ கருவியை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதி அணைந்திருக்கட்டும், அதன் எட்டு இலக்க எண்ணை ஊகிக்க முடியும் என்பது 2011-லேயே வெளிப்பட்டுவிட்டது. ரவுட்டருக்குள் நுழையும் நிர்வாக மறைச்சொல் வேறு, வைஃபை மறைச்சொல் வேறு. இரண்டையும் மாற்றுங்கள்.

பெயரில் வீட்டு எண்ணையோ முழுப்பெயரையோ போடாதீர்கள். தமிழில் பெயர் வைக்க விரும்புவோருக்கு ஒரு சிறு கணக்கு. வைஃபை பெயருக்கு 32 பைட் இடம்தான். கணினியில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும், உயிர்மெய்யின் கொம்பும் புள்ளியும்கூடத் தனிக் கணக்கு. அதனால் மொத்தம் பத்துக் குறியீடுகள்தான் அடங்கும். "வீடு" என்று வைத்தால் அதற்கே 12 பைட். நான் முதன்மை வலைக்குத் தமிழ்ப் பெயர்தான் வைத்திருக்கிறேன், அந்தப் பட்டியலில் தமிழைக் காண்பதில் எனக்கு அப்படியொரு மகிழ்ச்சி. ஆனால் பழைய ஸ்மார்ட் கருவிகள் இதில் தடுமாறும். அவற்றின் வலைக்கு இடைவெளி இல்லாத சிறிய ஆங்கிலப் பெயரே பாதுகாப்பானது.

## மூன்று வீடுகளிலும் என்ன செய்தோம்

அத்தை வீட்டில் இரண்டு பெயர்களை ஒன்றாக்கினோம். ரவுட்டர் மீன் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. தண்ணீர் வைஃபை அலையை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். அதை எடுத்து மாடிப்படியின் அருகே உயரமான அலமாரியில் வைத்தபோது, பெயரை மாற்றியதைவிட அதிகப் பலன் கிடைத்தது. மேல் மாடிக் கடைசி அறைக்கு மட்டும் இன்னும் போதவில்லை. அங்கே கேபிள் இழுத்து இன்னொரு கருவி வைப்பதுதான் வழி, அதை அத்தை பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

நண்பர் வீட்டில் இரண்டு பெயர்கள் தொடர்கின்றன. அக்கா வீட்டில் மாணவர்களுக்கான வலை தனியாக இயங்குகிறது. பருவம் முடிந்து ஆட்கள் மாறும்போது அக்காவே ரவுட்டருக்குள் போய் அந்த ஒரு மறைச்சொல்லை மாற்றி, தாளில் எழுதி அறைக்கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுகிறார்.